எண்ணம் வருவது குற்றமில்லை: ஓசிடியும் தற்கொலைத் தடுப்பும் – ஒரு பாடம்

முதலில் ஒரு வார்த்தை. "இனி வாழ்ந்து என்ன பயன்?" என்ற எண்ணம் இப்போது உங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தால், இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு 14416 என்ற எண்ணை அழையுங்கள். இரவானாலும் பகலானாலும் தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108-ஐ அழையுங்கள். பாடத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

இனி பாடத்துக்கு வருவோம்.

உங்கள் கைப்பேசியில் உள்ள படங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பூட்டிய கதவு, அணைத்த கேஸ் அடுப்பு, மூடிய தண்ணீர்க் குழாய் என்று படங்கள் வரிசையாக இருக்கின்றனவா? வேலைக்குப் போகும் வழியில், பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்க்கிறீர்களா? அப்படியும் மனசு கேட்காமல் பாதி வழியில் இறங்கி வீட்டுக்குத் திரும்பியது உண்டா? ஒரு நாள் நடந்தால் அது மறதி பயம். தினமும் நடந்து, வேலையும் தூக்கமும் கெடுகிறது என்றால் அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது: ஓசிடி. தமிழில் எண்ண சுழற்சி நோய் என்கிறோம்.

1. ஓசிடி என்பது என்ன?

இதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, நாம் கூப்பிடாமலே வந்து நிற்கும் எண்ணம். "கை சுத்தமாகலை", "அடுப்பை அணைச்சேனா?", "சாமி படத்தைப் பார்க்கும்போது ஏன் இப்படித் தப்பா நினைப்பு வருது?", "குழந்தைக்கு என்னால ஏதாவது ஆயிடுமோ?" என்று அது பல வடிவத்தில் வரும். இரண்டாவது, அந்தப் பதற்றத்தைத் தணிக்கச் செய்யும் கட்டாயச் செயல். கழுவுவது, சரிபார்ப்பது, எண்ணுவது, மனசுக்குள்ளேயே மந்திரம் போல ஒரு வார்த்தையைச் சொல்வது, "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று வீட்டில் இருப்பவர்களை நூறு முறை கேட்பது எல்லாம் இதில் அடங்கும்.

செயலைச் செய்தவுடன் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும். சில நிமிடங்களில் சந்தேகம் மறுபடி வரும். மறுபடி செய்வோம். செக்கு மாடு போல ஒரே வட்டத்தில் சுற்றுவதால்தான் இதற்குச் சுழற்சி என்ற பெயர் பொருந்துகிறது. சுத்தமாக இருப்பதும், பொருள்களை வரிசையாக அடுக்குவதும் ஓசிடி ஆகாது. அதனால் நேரம் விழுங்கப்படுகிறதா, மனம் வாடுகிறதா, வாழ்க்கை முடங்குகிறதா என்பதே கேள்வி. இந்தியாவில் 2015-16ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் 100 பேருக்கு ஏறக்குறைய ஒருவர் இந்த நோயோடு இருப்பதாகக் காட்டியது. ஒரு தெருவுக்கு ஒருவராவது இருப்பார். ஆனால் வெளியே தெரியாது.

2. இந்த எண்ணம் எனக்கு மட்டும்தான் வருகிறதா?

இல்லை. 1978-ல் லண்டனில் எஸ். ராக்மன், இலங்கையில் பிறந்த பத்மால் டி சில்வா என்ற இரு உளவியலாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். எந்த மனநோயும் இல்லாத சாதாரண மக்களிடம், "வேண்டாத, கெட்ட எண்ணங்கள் உங்களுக்குத் தானாக வருவதுண்டா?" என்று கேட்டார்கள். பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு "ஆமாம்" என்றார்கள். அன்பானவர்களைக் காயப்படுத்துவது, உயரத்தில் நிற்கும்போது விழுந்துவிடுவோமோ என்பது, அசிங்கமான காட்சிகள் என எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன. ஓசிடி உள்ளவர்களின் எண்ணங்களையும் மற்றவர்களின் எண்ணங்களையும் கலந்து கொடுத்தபோது, எது யாருடையது என்று பிரிப்பது நிபுணர்களுக்கே எளிதாக இல்லை.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? எண்ணத்துக்கு நாம் கொடுக்கும் அர்த்தத்தில்தான். மற்றவர் "சே, என்ன நினைப்பு இது" என்று நகர்ந்துவிடுவார். ஓசிடி உள்ளவர், "இப்படி நினைச்சதே பாவம். நினைச்சா செஞ்சிடுவேன். தடுக்க வேண்டியது என் பொறுப்பு" என்று எடுத்துக்கொள்வார். பொறுப்புணர்வு அதிகமாக இருப்பவர்களைத்தான் இந்த நோய் அதிகம் வாட்டுகிறது. கெட்ட எண்ணம் வந்ததால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடுவதில்லை. அந்த எண்ணம் உங்களைப் பதற வைக்கிறது என்பதே, அது உங்கள் விருப்பம் இல்லை என்பதற்கு அடையாளம்.

3. "அதை நினைக்காதே" என்றால் நின்றுவிடுமா?

ஒரு சின்னப் பயிற்சி. கைப்பேசியில் ஒரு நிமிடத்துக்கு டைமர் வையுங்கள். அந்த ஒரு நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது.

என்ன ஆச்சு? கரடிதானே வந்தது?

1987-ல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் செய்த சோதனை இதுதான். நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்த நினைப்பு வந்துகொண்டே இருந்தது. அடக்கும் முயற்சி முடிந்த பிறகு இன்னும் கூடுதலாக வந்தது. ஆகவே, "சும்மா அதையே நினைச்சிட்டு இருக்காதே, வேற வேலையைப் பாரு" என்று வீட்டில் சொல்லும் அறிவுரை அன்பால் வருவது என்றாலும் ஓசிடிக்கு உதவாது. அடக்க அடக்க எண்ணம் பலமாகும்.

4. "செத்துடுவேனோ" என்ற பயமும் "சாகணும்" என்ற எண்ணமும்

இந்தப் பாடத்தின் மையம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

ஓசிடியில் ஒரு வகை உண்டு. ஒருவருக்குச் சாக ஆசை துளியும் இருக்காது. ஆனால் "என்னை நானே ஏதாவது பண்ணிக்குவேனோ?" என்ற பயம் விடாமல் துரத்தும். மாடிக்குப் போக மாட்டார். தனியாக இருக்க அஞ்சுவார். நள்ளிரவில் கைப்பேசியை எடுத்து, "எனக்கு இது வருமா?" என்று தேடித் தேடிப் படிப்பார். ஒவ்வொரு தேடலும் ஒரு கட்டாயச் செயல்தான். அது கொஞ்ச நேர நிம்மதியைத் தந்து, பிறகு இன்னும் பெரிய பயத்தைக் கொண்டுவந்து போடும்.

இன்னொரு நிலை வேறு. வாழ்க்கை பாரமாகி, நம்பிக்கை போய், "நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நல்லது" என்று மனம் நம்பத் தொடங்கும் நிலை அது. அங்கே எண்ணம் பயமுறுத்துவதில்லை. ஒரு தீர்வு போலத் தோன்றி ஆறுதல் தருவதாக ஏமாற்றும்.

படிக்கும்போது இந்த இரண்டும் எளிதாகப் பிரிவது போலத் தெரியும். வாழ்க்கையில் அப்படி இல்லை. பல வருடம் ஓசிடியோடு போராடிக் களைத்தவருக்கு மனச்சோர்வு வருவது சகஜம். அப்போது ஒரே மனிதருக்குள் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். எனவே "இது வெறும் ஓசிடி பயம்தான்" என்று நீங்களோ, உங்கள் வீட்டாரோ, ஒரு யூடியூப் வீடியோவோ முடிவு செய்யக் கூடாது. பிரித்துப் பார்ப்பது மருத்துவரின் வேலை. சொல்வது மட்டுமே நம் வேலை.

5. ஓசிடியால் உயிருக்கு ஆபத்து உண்டா?

"ஓசிடி இருக்கிறவங்க ரொம்ப ஜாக்கிரதையான ஆளுங்க, அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க" என்ற நம்பிக்கை மருத்துவ உலகிலேயே பல காலம் இருந்தது. 2017-ல் ஸ்வீடனில் இருந்து வந்த ஆய்வு அதை மாற்றியது. 1969 முதல் 2013 வரை அந்த நாட்டின் மருத்துவப் பதிவேட்டில் இருந்த 36,788 ஓசிடி நோயாளிகளைப் பொது மக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தற்கொலையால் இறக்கும் அபாயம் ஓசிடி உள்ளவர்களுக்குச் சுமார் பத்து மடங்கு அதிகமாக இருந்தது.

பயப்பட வேண்டாம். அதே ஆய்வில் 545 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அதாவது, அந்த 36,788 பேரில் மிகப் பெரும்பாலோர் அப்படி இறக்கவில்லை. இந்த ஆய்வு நமக்குச் சொல்வது, ஓசிடியைச் "சின்ன விஷயம்" என்று தள்ளக் கூடாது என்பதை. முன்பு ஒருமுறை முயற்சி செய்தவர்கள்மீது கூடுதல் கவனம் வேண்டும் என்பதையும் அது காட்டியது.

6. நேரடியாகக் கேட்டால் தூண்டிவிட்டது போல ஆகாதா?

நம் வீடுகளில் இந்தத் தயக்கம் பெரிது. "அந்த வார்த்தையை வாயால சொல்லாதே" என்போம். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 6 பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள். இன்னொரு பிரிவிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு மன உளைச்சலோ, அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த மாணவர்களுக்கு, கேட்டதால் உளைச்சல் சற்றுக் குறைந்தே காணப்பட்டது.

ஆகவே கேளுங்கள். "ரொம்ப நாளா நீ சரியா இல்லை, நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன். சாகணும்னு எப்பவாவது தோணுதாப்பா?" என்று சாதாரணக் குரலில் கேட்கலாம். பதில் "ஆமாம்" என்றால், அதிர்ச்சியைக் காட்டாமல் கேட்டுக்கொள்ளுங்கள். "எங்களையெல்லாம் நினைச்சுப் பார்த்தியா?" என்று குற்றம் சாட்டாதீர்கள். "சொன்னது நல்லதாப் போச்சு. இப்பவே சேர்ந்து போன் பண்ணலாம்" என்று சொல்லுங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். அவருக்கு ஆபத்தாகக் கூடிய பொருள்களை அவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.

7. சிகிச்சை உண்டா?

உண்டு. 1966-ல் இங்கிலாந்தில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், நாள்பட்ட ஓசிடியால் அவதிப்பட்ட இரண்டு நோயாளிகளிடம் புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தார். பயப்படும் பொருளைத் தொட வைத்தார். ஆனால் கழுவுவதை நிறுத்தி வைத்தார். பதற்றம் ஏறியது, பிறகு தானாகவே இறங்கியது. கழுவாமலும் ஒன்றும் நேரவில்லை என்பதை அவர்களின் மனம் அனுபவத்தால் கற்றுக்கொண்டது. இதை இன்று "எதிர்கொண்டு, கட்டாயச் செயலைத் தடுக்கும் சிகிச்சை" என்கிறோம். உலகம் முழுவதும் ஓசிடிக்கு முதலில் பரிந்துரைக்கும் பேச்சு சிகிச்சை இதுவே. எளிய படியில் தொடங்கி, பயிற்சி பெற்றவர் துணையோடு மெல்ல மெல்ல ஏற வேண்டும். வீட்டில் யாரையும் வலுக்கட்டாயமாக அழுக்கைத் தொட வைப்பது சிகிச்சை ஆகாது, கொடுமை ஆகிவிடும்.

மருந்தும் உண்டு. எஸ்எஸ்ஆர்ஐ என்ற வகை மாத்திரைகளை மருத்துவர் தருவார். இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஓசிடிக்கு இந்த மருந்து முழுப் பலன் காட்ட 8 முதல் 12 வாரங்கள் வரை ஆகலாம். "ரெண்டு வாரம் சாப்பிட்டேன், ஒண்ணும் மாறலை" என்று நிறுத்திவிடாதீர்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாகவே நிறுத்தினாலும் நோய் திரும்பலாம். இளைஞர்கள் மருந்து தொடங்கும் முதல் சில வாரங்களிலும், அளவு மாற்றும்போதும் வீட்டார் அவர்களைக் கவனித்து, மனநிலை மோசமானால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

8. ஒரு போன் அழைப்பு என்ன செய்துவிடும்?

இந்தக் கேள்விக்கான பதிலில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. 2008-ல் முடிவுகள் வெளிவந்தன. தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைக்கு வந்து பிழைத்த 1,867 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதோடு, வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ "எப்படி இருக்கீங்க?" என்று விசாரித்தார்கள்.

18 மாத முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். விலை உயர்ந்த கருவி எதுவும் இதில் இல்லை. "நம்மை ஒருவர் மறக்கவில்லை" என்ற நினைப்பு மட்டுமே கூடுதல். உங்கள் சொந்தத்திலோ நட்பிலோ யாராவது ஆஸ்பத்திரியில் இருந்து அப்படித் திரும்பியிருந்தால், முதல் வாரத்தோடு விசாரிப்பை நிறுத்தாதீர்கள். கைப்பேசி நாட்காட்டியில் அவர் பெயரில் நினைவூட்டல் வையுங்கள்: அடுத்த வாரம், அடுத்த மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம் கழித்து.

9. 14416-ஐ அழைத்தால் என்ன நடக்கும்?

"டெலி மானஸ்" என்ற இந்தத் தேசிய மனநலத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளில் தொடங்கியது. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு மனநல சேவை" என்ற பெயரில் நடக்கிறது. 14416 கிடைக்காவிட்டால் 1800 891 4416 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

• அழைத்ததும் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். தமிழைத் தேர்ந்தெடுங்கள்.
• பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், "மனசு சரியில்லை, எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்றே தொடங்கலாம். மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.
• தேவைப்பட்டால் மனநல மருத்துவர் போன்ற நிபுணரிடம் இணைப்பார்கள். நேரில் பார்க்க வேண்டும் என்றால் வழிகாட்டுவார்கள்.
• உங்களுக்காக மட்டுமல்ல, வீட்டில் ஒருவரை நினைத்துக் கவலைப்பட்டும் அழைக்கலாம்.

104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் "சிநேகா" தன்னார்வ அமைப்பை 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம். நேரில் செல்ல, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உள்ளது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் எந்த அரசு மருத்துவமனையில் எந்த நாளில் மருத்துவர் இருப்பார் என்பதை 104-ல் கேட்டுக்கொண்டு கிளம்பினால் அலைச்சல் குறையும்.

இந்த எண்களை இப்போதே கைப்பேசியில் சேமித்து வையுங்கள். பதற்றமான நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

10. போலீஸ் கேஸ் ஆகிவிடுமா?

பலர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மறைப்பதற்கு இந்தப் பயமே காரணம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115-ல் தெளிவாகச் சொல்கிறது: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அதற்காக விசாரித்துத் தண்டிக்கக் கூடாது. அவருக்குக் கவனிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. மனநோய் சிகிச்சைக்கும் உடல்நோய்க்குச் சமமாக மருத்துவக் காப்பீடு தரப்பட வேண்டும் என்பதும் இதே சட்டத்தில் உள்ளது. எனவே சட்டத்துக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள்.

11. வீட்டில் இருப்பவர்கள் கவனத்துக்கு

ஓசிடி உள்ளவர் "கதவு பூட்டியிருக்கில்ல?" என்று கேட்கும்போதெல்லாம் "பூட்டியிருக்கு, பூட்டியிருக்கு" என்று பதில் சொல்வதும், அவருக்காக நாமும் பத்து முறை கை கழுவுவதும் அன்பு போலத் தெரியும். ஆனால் அது சுழற்சிக்குத் தீனி போடுகிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மறுக்கவும் வேண்டாம். சிகிச்சையாளரோடு பேசி, "இது ஓசிடி கேட்கிற கேள்வி. இதுக்குப் பதில் சொன்னா உனக்குத்தான் கஷ்டம் கூடும். வா, கொஞ்ச நேரம் சேர்ந்து உட்காருவோம்" என்று படிப்படியாகக் குறைக்கலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. "சாகணும் போல இருக்கு" என்று அவர் சொன்னால், அதை ஒருபோதும் "ஓசிடி பேச்சு" என்று ஒதுக்காதீர்கள். அன்று செய்ய வேண்டியது அழைப்பு.

பாடம் முடியும் முன் உங்களுக்கு மூன்று வேலை

• 14416, 104, 108 ஆகிய மூன்று எண்களையும் உங்கள் போனில் மட்டுமல்ல, அப்பா அம்மா போனிலும் சேமியுங்கள்.
• நள்ளிரவில் அறிகுறிகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் இருந்தால், அடுத்த முறை தேடுவதற்குப் பதில் அந்த எண்ணத்தை ஒரு வரியாகக் குறித்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தக் குறிப்பைக் காட்டுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், போனை அவர் கையில் கொடுத்தாலே போதும்.
• கொஞ்ச நாளாகப் பேச்சைக் குறைத்துக்கொண்ட ஒருவர் உங்களுக்கு ஞாபகம் வருகிறாரா? இந்தப் பக்கத்தை மூடியதும் அவருக்கு ஒரு போன் போடுங்கள். "சும்மாதான், எப்படி இருக்கேன்னு கேட்கலாம்னு" என்று தொடங்கினால் போதும்.

காய்ச்சல் வந்ததற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. எண்ணம் வந்ததற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஒருவரிடம் சொல்லுங்கள்.